அவளுக்கு மட்டும் விழுகிற கியர்

ஜெபகனி ஓட்டினால் அந்த வண்டி எண்ணெய் தடவினதுபோலப் போகும். அவள் புருஷன் செல்வதாஸ் ஓட்டினால் விக்கும், இரையும், ஏற்றத்தில் நின்று யோசிக்கும். அந்த ஆவணி மாதம் தக்கலைக்குக் கீழே வாய்க்கால் ஓரத்து எங்கள் சானல்கரையில் பால் வாங்கப் போகிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள் மக்களே. அந்த வீட்டில் அடுப்புக்கு முன்னால் ஒருத்தி சிரிக்காமல் இருந்தாள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வண்டி ஒரு பழைய பிக்கப். முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் திறந்த பெட்டி. குலசேகரம் பக்கம் ரப்பர் எஸ்டேட் வைத்திருந்த ஒரு பெரியவர் ஆசைக்கு வாங்கி ஓட்டியது. அவர் காலமானதும் பிள்ளைகள் விற்றார்கள். கிளட்ச் கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வண்டி. லோடு அடிக்கிற எவனும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. செல்வதாஸ் பார்த்தான், காரணம் அவனுடைய இடது கால். அரபு நாட்டில் தம்மாமில் கட்டட வேலையில் கம்பிக்கட்டிலிருந்து விழுந்து முட்டில் கம்பி வைத்த கால். மடங்காது. நீட்டினால் நீட்டினபடி கிடக்கும். கிளட்ச் மிதிக்க ஆகாது. இந்த வண்டிக்கோ வலது கால் ஒன்று போதும்.

ஊருக்கு வந்து கடனே என்று கிடந்தவனை எழுப்பி உட்காரவைத்தது அந்த வண்டிதான். வாழை விளைகளில் போய்க் குலை ஏற்றுவான். திங்கள்சந்தையில் வியாபாரி பொன்னுலிங்கத்தின் கொட்டகையில் இறக்குவான். ஏத்தன், செந்துளுவன், மட்டி என்று எல்லா வாழையும். குலைக்கும் குலைக்கும் இடையில் வாழைச்சருகு மெத்தைபோல விரித்து, தண்டுப்பக்கம் வெளியே நீட்டி அடுக்க வேண்டும். மேலே டார்ப்பாய் இழுத்துக் கட்டினால் அது பின்கதவுக்கும் கீழே தொங்கும். அடுக்குவது ஜெபகனி. அவள் கை பட்ட குலை அடிபடாது என்று பொன்னுலிங்கமே சொல்லுவார்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும் செல்வதாஸ்தான். கோவில் மைதானத்தில், ஒரு கிறிஸ்மஸ் விடுமுறையில். அவள் முதல்முறை வளைத்துத் திருப்பினபோது கை தட்டினான். லைசென்ஸ் எடுத்த அன்று எல்லாருக்கும் லட்டு கொடுத்தான். இதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அவனைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

அது கெட்டது அறுப்பின் பண்டிகையில். சபை ஏலத்துக்குக் காணிக்கைக் குலையும் சேனையும் தேங்காயும் கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல். ஜெபகனி தனியாகவே ஓட்டிக்கொண்டு போனாள். பின்பெட்டியில் பெண்கள் சங்கத்தார் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். கோவில் முற்றத்தில் ஒரே தடவையில் பின்னால் எடுத்து, ஏலமேசைக்குச் சரியாக நிறுத்தினாளாம். போதகரம்மா, "இனி நம்ம சபைக்கு டிரைவர் ஜெபகனிதான்" என்றாளாம். பாயில் கிடந்தவனிடம் எட்டுபேர் வந்து எட்டுவிதமாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் அவன் வண்டிக்குள் ஏறினான். சீட்டு முன்னால் தள்ளியிருந்தது. கண்ணாடி அவள் உயரத்துக்குத் திரும்பியிருந்தது. அவள் தலைக்குத் தேய்க்கிற காய்ச்சிய எண்ணெய் வாடை சாய்மானத்தில் இருந்தது. சொந்த வீட்டில் வேறு யாரோ படுத்து எழுந்த பாயைப் பார்த்ததுபோல இருந்தது அவனுக்கு. சீட்டைக் கடைசிப் பல்வரை பின்னால் இழுத்து, காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, கிளப்பினான்.

அன்றுதான் வண்டி முதல்முறை விக்கியது என்று அவன் சொல்லுவான். அதற்கு முன்பே ஒன்றிரண்டு தடவை விக்கியிருந்தது. அப்போது மனதில் இடிக்கவில்லை, அவ்வளவுதான்.

திங்கள்சந்தையில் பொன்னுலிங்கம் டார்ப்பாயை நீக்கி, ஒரு மட்டிக் குலையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"ஓய் செல்வதாஸ், ஏத்தன்னா தாங்கும். மட்டி தாங்குமா? பாரும், சீப்பெல்லாம் கன்னிப் போச்சு. வண்டில கொண்டு வந்தீரா, உருட்டிக்கொண்டு வந்தீரா?"

"ரோடு மோசம் ஓய்."

"அதே ரோட்டிலதான உமக்க பெண்டாட்டி போன வாரம் கொண்டு வந்தா. ஒரு காய் அடிபடல்லியே."

குலை இறக்குகிறவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "அந்த வண்டிக்கு ஆம்பள வாசம் பிடிக்காது அண்ணாச்சி" என்றான்.

"சிரிக்காண்டாம்லே," என்றார் பொன்னுலிங்கம். "செல்வதாஸ், ஓணம் வருது. மலையாளத்துக்காரன் உப்பேரி வறுக்க ஏத்தன் கேட்டு நிக்கான். எனக்கு அடிபட்ட காய வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. இப்பிடியேன்னா நான் வேற வண்டி விளிப்பேன். இல்லன்னா ஒண்ணு செய்யும், ஓணம் கழியது வரைக்கும் ஓட்டுக வேலைய அவகிட்ட குடும். நீரு பக்கத்தில இருந்து பாட்டு கேட்டுட்டு வாரும்."

செல்வதாஸ் வீடுவரைக்கும் பாட்டுப் போடவில்லை.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் குழம்பு வைத்திருந்தாள் ஜெபகனி. அவன் வாசலில் நின்று கால் கழுவினான். அவள் எட்டிப் பார்த்தாள்.

"இடது கால் செருப்பு எங்க?"

அவன் குனிந்து பார்த்தான். வலது காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது. "வாரு அறுந்து போச்சு. விளையில எறிஞ்சிட்டு வந்தேன்" என்றான்.

"புதுச் செருப்புல்லா?"

"அறுந்து போச்சுன்னு சொல்லுகேன்லா. இனி அதுக்கும் உனக்க அனுமதி வேணுமா?"

அவள் கிழங்கை உடைத்து வைத்தாள். ஆவி பறந்தது. அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "நீ அந்த வண்டிய என்ன செஞ்ச?"

"நான் என்ன செய்யப் போறேன்?"

"பசுவக் குளிப்பாட்டுகது மாதிரி குளிப்பாட்டுக. உள்ள துணி வச்சுத் தொடைக்க. ஸ்டியரிங்குக்கு உறை தச்சுப் போட்டுருக்க. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இவ்வளவு தொடச்சியா?"

ஜெபகனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வண்டி சண்ட போடாதுல்லா" என்றாள்.

அது விளையாட்டாகச் சொன்ன பேச்சு. அவன் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனான். பாதிக் கிழங்கு அப்படியே இருந்தது.

மெக்கானிக் சுயம்புராஜிடம் கொண்டுபோகலாம் என்று சொன்னவள் அவள்தான். தக்கலை ரோட்டு வளைவில் அவன் ஒர்க்‌ஷாப். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் வெள்ளை நாமம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அய்யாவழிப் பதிக்குப் போகிறவன். மனைவி குவைத்தில் நர்ஸ். தனியாகப் பொங்கித் தின்கிறவன், ஆனாலும் முகத்தில் எப்போதும் சிரிப்பு. செல்வதாசுக்கு அந்தச் சிரிப்புக்கூடப் பெரிதில்லை. சுயம்பு குத்தவைத்து இருப்பான். பேசிக்கொண்டே சட்டென்று தரையில் குந்துவான், பல்லிபோல வண்டிக்கு அடியில் நுழைவான், கையூன்றாமல் எழுந்திருப்பான். மடங்கி மடங்கி நிமிர்கிற அந்த இரண்டு முட்டுகளையும் செல்வதாஸ் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு ஆணுடைய முட்டுக்காலைப் பார்த்து இன்னொரு ஆணுக்கு வயிறு எரியும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

"வண்டிய அணைக்காண்டாம் அண்ணா, ஓடட்டும்," என்றான் சுயம்பு. "எஞ்சின் எண்ணெயத்தான் அணைச்சிட்டுப் பாக்கணும். கியர் பாக்ஸ் எண்ணெய ஓடும்போதே பாக்கணும்."

கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தான். எண்ணெய் சிவப்பாகத்தான் இருந்தது, ஓரம் மட்டும் கொஞ்சம் கறுப்பு. மூக்கில் வைத்துப் பார்த்தான். விரலில் தேய்த்துப் பார்த்தான்.

"லேசாக் கருகல் வாடை இருக்கு. சூடாயிருக்கு. ஆனா தூளு ஒண்ணும் இல்ல. உள்ள தேஞ்சிருந்தா விரல்ல மணல் மாதிரி நெருடும். மைனி, நீங்க தொட்டுப் பாருங்க."

ஜெபகனி தொட்டுப் பார்த்தாள். "வழுவழுன்னுதான் இருக்கு."

"அதுதான். பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு மைனி."

அண்ணன் மனைவியை மைனி என்று விளிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். அதில் கேலிக்கும் கொஞ்சம் இடம் உண்டு, மரியாதைக்கும் இடம் உண்டு. செல்வதாஸ் காதில் முதலாவது மட்டும் விழுந்தது.

சுயம்பு எண்ணெய் மாற்றினான், வடிகட்டி மாற்றினான். கியர் பெட்டிக்குப் போகிற பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினான். சோதனை மிஷினை மாட்டிப் பார்த்தான். குற்றம் ஒன்றும் காட்டவில்லை. சக்கரத்தைக் கழற்றினபோது மட்டும் நெற்றியைச் சுருக்கினான்.

"பிரேக் பேடு இப்பம்தான மாத்துனோம்? அதுக்குள்ள இப்பிடித் தேஞ்சு போச்சே."

"லோடு அடிக்கிற வண்டி தேயாதா?" என்றான் செல்வதாஸ்.

"தேயும். இவ்வளவு வேகம் தேயாது. சரி, ஏற்ற இறக்கம் கூடுதல், அதாக்கும்."

அதோடு அந்தப் பேச்சு போய்விட்டது. பிறகு ஓட்டிப் பார்த்தார்கள். முதலில் சுயம்பு ஓட்டினான். ஒரு குறையும் இல்லை. அடுத்து ஜெபகனி ஓட்டினாள், சுயம்பு பக்கத்தில் இருந்து மீட்டரைப் பார்த்தான். கியர் ஒன்று, இரண்டு, மூன்று என்று படியிறங்குவதுபோல விழுந்தது. செல்வதாஸ் ஒர்க்‌ஷாப் வாசலில், பழைய டயர்மேல் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பேரும் கண்ணாடிக்குள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வளைவில் திரும்பிப் போவதைப் பார்த்தான். திரும்பி வந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

"என்ன தமாஷ்?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல அண்ணா, ஒரு ஆடு ரோட்டுல நின்னு நவுரமாட்டேன்னிட்டு."

ஆட்டுக்கு இவ்வளவு சிரிப்பா என்று நினைத்தான்.

கடைசியில் அவன் ஓட்டினான். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை இறக்கி உடுத்த சாரம். மெலிந்துபோன அந்தக் காலை யாரும் பார்க்கக்கூடாது என்று எப்போதுமே அவன் சாரத்தை மடித்துக் கட்டுவதில்லை. சீட்டு கடைசிப் பல்லில். சுயம்பு பக்கத்தில் இருந்தான். சானல் பாலம் ஏறும்போது எஞ்சின் இரைந்தது, முள் மேலே ஏறியது, கியர் விழவில்லை. விழுந்தபோது குலுங்கியது. விழுந்த கியர் மறுபடியும் கழன்றது.

சுயம்பு மீட்டரையே பார்த்தான். யாருடைய காலையும் பார்க்கவில்லை. "அண்ணா, ஆக்ஸிலேட்டர கொஞ்சம் பையத் தாத்தும். நீரு மிதிக்கது கட்டியா இருக்கு போல. மைனி மிதிக்க மாதிரி…"

"மைனி மிதிக்க மாதிரி மிதிக்கணுமா?"

"நான் அப்பிடிச் சொல்லல்ல."

"அப்பம் வண்டிக்கு ஒண்ணும் இல்ல, ஓட்டுகவனுக்குத்தான் கேடு. அதத்தான சொல்ல வாற?"

சுயம்பு வாயை மூடிக்கொண்டான். மூடினது தப்பு. வீட்டுக்கு வந்ததும் உள்ளே சண்டைமழை ஆரம்பித்தது, வெளியேயும் சாரல்தான்.

"அவன் எதுக்கு உன்ன மைனின்னு விளிக்கான்? அக்கான்னு விளிச்சா நாக்கு அழுகிப் போகுமா?"

"உங்கள அண்ணான்னு விளிக்கான். என்ன அக்கான்னு விளிச்சா நீங்க அவனுக்கு அத்தானாகணும். அது வேணுமா?"

"நல்லாத்தான் கணக்குப் போடுக. அவன்கூட வண்டில போனா எண்ணெய் மாதிரி ஓடும். என்கூடப் போனா உனக்குக் குலுங்குதா?"

"வாயில வாறதப் பேசாதீங்க."

"உனக்கும் அந்த வண்டிக்கும் அவன் ஒரு ஆள் போதும். நான் எதுக்கு நடுவுல? சனிக்கிழம குலசேகரத்துக்குக் கொண்டுபோறேன். குவாரிக்காரன் ஒருத்தன் கேட்டுருக்கான். வித்துப்போடுகேன்."

ஜெபகனி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "வித்துட்டு?"

"வித்துட்டு சும்மா இருப்பேன்."

"நீங்க சும்மா இருந்த நாள் எனக்குத் தெரியும்" என்றாள் அவள். தம்மாமிலிருந்து வந்த வருஷம், சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்த மனுஷனுக்கு வாயில் கஞ்சி ஊட்டினவள் அவள். அந்த வண்டி போனால் அந்தச் சுவர் திரும்பி வரும் என்பது அவளுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

சனிக்கிழமை விடிந்து பொழுது ஏறின பிறகும் வானம் மூடிக்கிடந்தது. செல்வதாஸ் டார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டி வீட்டில் போட்டான். சருகைத் தூத்து, பெட்டியைக் கழுவினான். விற்கிற பொருளைக் கழுவத்தானே வேண்டும். மூலையில் ஒரு கட்டு வாழைநார் கிடந்தது, அதை மட்டும் கவனிக்கவில்லை. சீட்டைப் பின்னால் இழுத்தான், காலைத் தூக்கி வைத்தான், போனான்.

ஜெபகனி நனைந்த கையோடு சானல்கரை வழியாக ஓடினாள். சுயம்பு அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தான்.

"பைக்க எடுங்க. அவரு குலசேகரம் ரோட்டுல போறாரு. பின்னால போணும்."

"நானா? அண்ணன் என்னக் கொன்னுபோடுவாரு மைனி."

"நாளைக்குக் கொல்லட்டும். உள்ள இருந்து பாத்தாச்சு, அடியில படுத்தும் பாத்தாச்சு. அவரு ஓட்டும்போ வெளிய நின்னு ஒரு தடவையாவது பாத்தோமா?"

சுயம்பு யோசித்தான். "பாக்கல்ல" என்றான். பைக்கை எடுத்தான்.

சித்திரங்கோடு தாண்டி ரோடு ஏறத் தொடங்குகிற இடத்தில் வண்டி கண்ணில் பட்டது. செல்வதாசும் அவர்களைக் கண்டுவிட்டான், பக்கக் கண்ணாடியில். சுயம்புவின் பைக்கில் தன் மனைவி. அவள் முந்தானை காற்றில் அவன் தோளில் பட்டுப் பட்டு அடித்தது. கண்ணாடி சின்னது, அதற்குள் அந்த இரண்டு பேரைத் தவிர வேறு உலகமே இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தான். எஞ்சின் அலறியது. வண்டி முன்னே போக மறுத்தது.

பின்னால் ஜெபகனி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன.

"சுயம்பு, அது என்ன விளக்கு?"

"பிரேக் விளக்கு." அவனும் பார்த்தான். "அண்ணன் பிரேக்கப் பிடிச்சுட்டு ஏறுகாரு!"

"ஏத்தத்தில எதுக்குப் பிடிக்கணும்?"

"பிடிக்கமாட்டாங்க, யாரும் பிடிக்கமாட்டாங்க."

ரோட்டில் ஒரு குழி. வண்டி குதித்தது. விளக்கு அணைந்தது, உடனே கியர் விழுந்து வண்டி சுதாரித்து ஓடியது. அடுத்த குழியில் விளக்கு எரிந்தது. வண்டி குலுங்கி, கியர் கழன்று, இரைந்தது. அணையும்போது ஓடும். எரியும்போது விக்கும். லோடு ஏற்றின நாளெல்லாம் டார்ப்பாயும் குலைத்தண்டும் அந்த விளக்கை மறைத்துக்கொண்டு தொங்கியிருந்தன.

"பிரேக் லேசாத் தொட்டிருந்தாப் போதும் மைனி, பாக்ஸ் குழம்பிரும். நிக்கப் போறானா ஓடப் போறானான்னு அதுக்குத் தெரியாது. அதனாலதான் எண்ணெய் சூடாகு. அதனாலதான் பேடு தேயிது. ஆனா அண்ணனுக்கு வலது கால் ஆக்ஸிலேட்டர்லல்லா இருக்கு? பின்ன எந்தக் கால்…"

அவன் பேச்சு பாதியில் நின்றது. ஜெபகனிக்கு அந்த ஒற்றைச் செருப்பு ஞாபகம் வந்தது. வாசலில் நின்று, கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்த தலை ஞாபகம் வந்தது.

"முந்திப் போங்க" என்றாள். "நிறுத்தினதும் நீங்க பைக்க விட்டு இறங்கக்கூடாது. ஒண்ணும் சொல்லவும் கூடாது."

அவள் கை காட்ட, ரப்பர் தோட்டத்து ஓரமாக வண்டி நின்றது; அவளை இறக்கிவிட்டு சுயம்பு பைக்கை வண்டிக்குப் பின்னால் நிறுத்தினான். செல்வதாஸ் கண்ணாடியை இறக்கினான்.

"வந்துட்டியா? ஜோடியா வந்துட்டியா? வழியனுப்ப வந்தீங்களோ?"

ஜெபகனி கிட்டே வந்தாள். கதவைத் திறந்தாள். மழை அவள் முதுகில் விழுந்தது.

"உங்க இடது கால் இப்பம் எங்க இருக்கு?"

"என்ன?"

"குனியாண்டாம். பாக்காம சொல்லுங்க. எங்க இருக்கு?"

"இஞ்சதான். கீழ. ஓரத்துப் பலகைல."

அவள் சாரத்தின் விளிம்பைத் தூக்கினாள். ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக் மிதி இரண்டு கால் அகலம் இருக்கும். அதன் இடது ஓரத்தில், மீன் கடையில் பலகைமேல் கிடக்கிற மீன்போல, அந்தக் கால் கிடந்தது. சீட்டைப் பின்னால் இழுக்க இழுக்கக் காலுக்கு ஓரத்துப் பலகை எட்டாமல் போக, மடங்காத முட்டு அதைக் கொண்டுபோய் அங்கேதான் சாய்த்திருக்கிறது.

"இனி பாருங்க" என்றாள்.

அவன் பார்த்தான். வேறு யாருடையதோ ஒரு காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"எப்பம் போச்சு உணர்ச்சி?"

அவன் சாரத்தை இழுத்துக் காலை மூடினான். "பெரிய வெள்ளிக்கு முன்னயே" என்றான். "முதல்ல விரலு. பின்ன பாதம். ஆணி குத்தி ரத்தம் வந்ததும் நான் தரையப் பாத்துத்தான் அறிஞ்சேன்."

"எனக்கிட்ட சொல்லல்லியே."

"சொன்னா நீ சாவிய வாங்கிப்ப."

"உங்க சாவிய வாங்கி நான் அம்மில மாட்டவா? மனுஷா, வாய் இருக்குல்லா? வண்டி விக்குதுன்னு ஊரு முழுக்கச் சொன்ன வாயில இத ஒரு தடவ சொல்லப்படாதா?"

அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான். பக்கக் கண்ணாடியில் சுயம்பு தெரிந்தான், மழையில் நனைந்துகொண்டு, சொன்னபடி பைக்கைவிட்டு இறங்காமல். "அவனுக்குத் தெரியுமா?"

அதற்குள் சுயம்புவே கூப்பிட்டுக் கேட்டான்: "என்னவாக்கும்?"

ஜெபகனி திரும்பினாள். "ஒண்ணுமில்ல. மிதிக்குக் கீழ ஒரு வயரு நழுவிக் கெடந்து. உங்க அண்ணனே கண்டுபிடிச்சிட்டாரு."

சுயம்பு கொஞ்சநேரம் வண்டியைப் பார்த்தான். இன்னும் எரிந்துகொண்டிருக்கிற அந்தச் சிவப்பு விளக்குகளைப் பார்த்தான்.

"வயருன்னா சரிதான்," என்றான். "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். வாறேன் அண்ணா. வாறேன் அக்கா." பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அக்கா என்ற சொல் அந்த மழையில் அங்கேயே நின்றது.

பெட்டி மூலையில் கிடந்த வாழைநாரை எடுத்துவந்து, இரண்டு புரியாக முறுக்கினாள் ஜெபகனி. பாதத்தைத் தூக்கி மிதியைவிட்டு இடது ஓரத்துக்கு விலக்கி, கணுக்காலில் சுற்றின நாரைச் சீட்டுக் கம்பியோடு இழுத்துக் கட்டினாள், ஆட்டுக்குட்டியைக் கட்டுகிற மாதிரி, இறுகாமலும் நழுவாமலும். சீட்டை இரண்டு பல் முன்னால் தள்ளினாள். பிறகு சுற்றிவந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"எடுங்க."

ஒன்று. இரண்டு. மூன்று. ஏற்றத்தின் உச்சியில் கியர் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. குலசேகரம் போகிற வழியில் அவன் வண்டியை வளைத்து வீட்டுப் பக்கம் திருப்பினான்.

"கியர் விழுதுட்டி" என்றான் பாதி வழியில்.

"விழுது."

சானல் பாலம் வந்தது. பாலத்தில் கேட்டான்: "பைக்கில எதப் பிடிச்சுட்டு வந்த?"

"பின்னால இருக்க கம்பிய."

"எந்தக் கம்பிய?"

"எனக்க பெருமாளே!" என்று தலையில் அடித்துக்கொள்ளப் போனவள், கிறிஸ்தவச்சி என்பது ஞாபகம் வந்து, "ஏசுவே" என்று திருத்திக்கொண்டாள். அந்த மாதத்தில் முதல்முறையாக அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

ஓணத்துக்கு ஏத்தன் எல்லாம் அந்த வண்டியில்தான் போனது. பொன்னுலிங்கம் ஒவ்வொரு குலையாகத் தூக்கிப் பார்த்து, "ஓட்டினது யாரு ஓய்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "நான்தான்" என்று சொல்லிச் சொல்லிச் செல்வதாசுக்கு அலுக்கவில்லை. ஆனால் ஜெபகனி இப்போது எல்லா லோடுக்கும் கூடப் போகிறாள். சந்தைக் கூட்டத்துக்குள் நுழையும்போது அவள்தான் ஓட்ட வேண்டும் என்று இருவருக்குள் பேச்சு. ஓணம் கழிந்ததும் நாகர்கோவிலில் நரம்பு டாக்டரைப் பார்ப்பது என்றும் பேச்சு.

பொறாமை ஒரேயடியாகப் போய்விட்டது என்று நான் உங்களை ஏமாற்றமாட்டேன். சில நாள் காலையில் வண்டி சுயம்புவின் ஒர்க்‌ஷாப்புக்கு நேராக வந்து நிற்கும். "முடிச்சு அவுந்துட்டுட்டி" என்பான் செல்வதாஸ், சத்தமாக. முடிச்சு அவிழ்ந்திருக்காது. ஜெபகனிக்கும் அது தெரியும். ஆனாலும் இறங்கிச் சுற்றிவந்து, கதவைத் திறந்து, ரோட்டிலேயே முட்டுக்குத்தி உட்கார்ந்து, நாரை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து ஒர்க்‌ஷாப்பையே பார்ப்பான். சுயம்பு வேலை இருக்கிறதுபோல உள்ளே போய்விடுவான்.

கட்டுவதற்கு முன்னால் அவள் ஒவ்வொரு நாளும் அந்தப் பெருவிரலைக் கிள்ளிப் பார்ப்பாள். "நோவுதா?"

"நோவுது" என்பான் அவன்.

ஒரு நாள் அவள் விரலைத் தொடவில்லை. சாரத்தின் மறைவில் கையைச் சும்மா வைத்துக்கொண்டு, "நோவுதா?" என்று கேட்டாள்.

"பைய," என்றான் செல்வதாஸ், ஒர்க்‌ஷாப்பைப் பார்த்தபடியே. "நல்லா நோவுது."

அவள் குனிந்து நாரை இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டினாள்.